ரிங்கு போச்சா? டீசல் இன்ஜினை இறக்கும் முன் எடுக்க வேண்டிய அளவுகள்

மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிய டீசல் வண்டி புகை தள்ளத் தொடங்கினால் பட்டறையில் முதலில் காதில் விழுவது "ரிங்கு போச்சு", அதாவது சிலிண்டரில் காற்று கசியாமல் பிடிக்கும் பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது. அடுத்தது "இன்ஜினை இறக்கணும்". பல வண்டிகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அடைத்துக்கொண்ட பிரீதர் குழாய் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றுவது), இறுகிப்போன டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்), ஒரு பல் தாண்டி உட்கார்ந்த டைமிங் பெல்ட், ஒழுகும் நாசில் (டீசலைப் பீய்ச்சும் முனை) எல்லாமே ரிங்கு தேய்ந்த இன்ஜினின் அறிகுறிகளில் ஏதாவது ஒன்றைக் காட்டக்கூடியவை. பிரித்துப் போட்ட பிறகு இவற்றில் எது காரணம் என்று கண்டுபிடிப்பது கடினம். அதனால் எடுக்க வேண்டிய அளவுகளை எல்லாம் இன்ஜின் வண்டியில் இருக்கும்போதே எடுத்து, ஒரு நோட்டில் எழுதிவிட வேண்டும்.

உதாரணத்துக்கு டொயோட்டா குவாலிஸை எடுத்துக்கொள்வோம். 2000-ஆம் ஆண்டு வந்து, பிறகு இன்னோவாவுக்கு இடம் விட்டுப் போன வண்டி. 2,446 சிசி டீசல்; போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 92 மி.மீ., ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) 92 மி.மீ. டர்போ கிடையாது, காமன் ரெயில் (மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசல் செலுத்தும் அமைப்பு) கிடையாது. ஊர்ப்பக்கம் கல்யாணச் சவாரிக்கும் கோயில் பயணத்துக்கும் இன்னும் ஓடுகிறது. பழைய சுமோ, பொலேரோ, அம்பாசிடர் டீசல் போன்றவற்றுக்கும் முறை இதேதான், அளவுகள் மாறும். பெட்ரோல் வண்டியில் எங்கே வேறுபடும் என்பதை அங்கங்கே பார்ப்போம்.

சோதனையை இரவு முழுக்க நின்ற இன்ஜினில்தான் தொடங்க வேண்டும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. நீங்கள் போய்ச் சேரும்போதே பானெட் சுட்டால் ஏற்கெனவே ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள் என்று பொருள். காலைப் புகையும் காலைச் சத்தமும் அதில் மறைந்துவிடும். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். கொழகொழவென்று கெட்டி ஆயில் ஊற்றியிருந்தாலும் புகையும் தட்டலும் சில நாளைக்கு அடங்கியிருக்கும்.

ஸ்டார்ட் செய்யும் முன் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் யாரோ அதிகம் ஊற்றிவிட்டார்கள் என்று விட்டுவிடக் கூடாது. டீசல் கலந்திருக்கலாம், தண்ணீரும் கலந்திருக்கலாம். ஒரு சொட்டை மை உறிஞ்சும் தாளில் வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். டீசல் கலந்த ஆயில், நடுவிலுள்ள கறுப்பு வட்டத்தைத் தாண்டி வெளிறிய அகல வளையமாகப் பரவும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் படிவு இருந்தால் உடனே பதற வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் சின்னச் சின்னத் தூரம் மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் படிந்தே அப்படி ஆகும். டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால்தான் தண்ணீர் ஆயிலுக்குள் இறங்குகிறது.

புகையில் நிறத்தைவிட அது வரும் நேரம் அதிகம் சொல்லும். இரவு நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஒரு கொத்து நீலப்புகை விட்டு, இரண்டு நிமிடத்தில் தெளிந்துவிட்டால், வால்வு கைடு (வால்வின் தண்டு ஓடும் குழல்) வழியாக ஆயில் சொட்டி இறங்கியிருக்கிறது. வால்வு சீல் மாற்றும் வேலை; இன்ஜினை இறக்கத் தேவையில்லை. மேட்டில் லோடோடு ஏறும்போது, மிதிக்க மிதிக்க நீலம் கூடினால் சந்தேகம் ரிங்கு பக்கம் போகலாம். பெட்ரோல் வண்டிக்கு நீண்ட இறக்கம் ஒரு நல்ல சோதனை. ஆழியாற்றுக்கு மேலே வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் கியரில் இறங்கிவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்ததும் நீலம் கொப்பளித்தால் வால்வு சீலும் கைடும் தேய்ந்திருக்கின்றன. இறக்கத்தில் த்ராட்டில் மூடி, உள்ளே வெற்றிடம் கூடுவதால் ஆயிலை உறிஞ்சுகிறது. குவாலிஸ் போன்ற பழைய டீசலில் அந்த அளவு வெற்றிடம் உருவாகாது. அதனால் டீசல் வண்டியில் இந்த இறக்கச் சோதனையை நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

வெள்ளைப்புகை இரண்டு வகை. கண் எரிந்து, டீசல் வாடை அடித்தால் எரியாத டீசல். ஹீட்டர் பிளக் (குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சூடேற்றுவது) வேலை செய்யாதது, பம்ப் டைமிங் தாமதம், குறைந்த கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவு) மூன்றுமே இதைச் செய்யும். மலிவானது ஹீட்டர் பிளக் என்பதால் அங்கே தொடங்குங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளை நிற்காமல், இனிப்பு வாடையும் சேர்ந்தால் கூலன்ட் எரிகிறது. கறுப்புப்புகை பெரும்பாலும் ஏர் ஃபில்டர், நாசில், பம்ப் சம்பந்தப்பட்டது. அதற்காக யாரும் பிஸ்டனைக் கழற்ற வேண்டியதில்லை.

"ஆயில் குடிக்குது" என்பதை அளந்தே பேச வேண்டும். சமதளத்தில், ஒரே இடத்தில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் மேல் கோடு வரை நிரப்புங்கள். 1,000 கி.மீ. ஓடிய பிறகு அதே இடத்தில், அளவுக் குவளையால் ஊற்றி மீண்டும் அதே கோட்டுக்குக் கொண்டு வாருங்கள். ஊற்றிய மில்லிதான் உங்கள் கணக்கு. 300 முதல் 500 மி.லி. என்றால் இந்த வயது இன்ஜினுக்கு அதைச் சகித்துக்கொள்ளலாம். ஒரு லிட்டரை நெருங்கினால் வேலை இருக்கிறது. இடையில் இரவெல்லாம் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். பின்பக்க கிராங்க் சீலிலிருந்து ஒழுகும் ஆயிலும் இந்தக் கணக்கில்தான் விழும். அதைச் சேர்த்து ரிங்கின் தலையில் கட்டிவிடக் கூடாது.

அடுத்தது ஆயில் மூடியைத் திறந்து புகை பார்க்கும் வழக்கம். ஐடிலில் மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் அது லேசாக ஆடுவது டீசலில் சாதாரணம். தூக்கி எறியப்பட்டாலோ, ரயில் இன்ஜின்போல விட்டு விட்டுப் புகை வந்தாலோ ப்ளோ-பை, அதாவது ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் வாயு, அதிகம். ஆனால் அதற்கு முன்னால் பிரீதர் குழாயைக் கழற்றி, அதன் வழியாக வாயால் ஊதிப் பாருங்கள். உள்ளே கரிப்பிசின் அடைத்திருந்தால் நல்ல இன்ஜின்கூட டிப் ஸ்டிக்கைத் தள்ளும், சீல்கள் வழியாக ஆயில் கக்கும். அந்தக் குழாயை டீசலில் அலசி மாட்டுவதற்கு அரை மணி நேரம் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ப்ளோ-பை அதிகமுள்ள டீசலில் காற்றுக்குழாய்க்குள் ஆயில் தேங்கியிருந்தால் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்து, தானாக ரேஸ் ஆகும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. டீசல் வண்டி சோதிக்கும்போது காற்றுக்குழாய் வாயை அடைக்கும் அளவுள்ள ஒரு பலகையைப் பக்கத்தில் வைத்திருங்கள். கையாலோ துணியாலோ மூடக் கூடாது, உள்ளே இழுத்துவிடும். வண்டிக்குள் இருப்பவர் பிரேக்கை அழுத்தி, மேல் கியரில் போட்டுக் கிளட்சை விட்டும் அணைக்கலாம்.

கம்ப்ரஷன் அளப்பதற்கு முன் டேப்பட் இடைவெளி பார்க்க வேண்டும். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். குவாலிஸில் இன்ஜின் குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.20 முதல் 0.30 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.40 முதல் 0.50 மி.மீ. இருக்க வேண்டும். ஓட ஓட வால்வு சீட்டுக்குள் இறங்குவதால் இடைவெளி குறையும். டேப்பட் சத்தமே இல்லாத பழைய இன்ஜினைப் பாராட்டுவார்கள். உண்மையில் அங்கே எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாமல் எரிந்துகொண்டிருக்கலாம். எல்பிஜியில் ஓடிய ஆம்னி போன்ற பெட்ரோல் வண்டிகளில் சீட் தேய்மானம் இன்னும் வேகமாக நடக்கும். ஷிம் (டேப்பட்டில் வைக்கும் சிறு தகடு) மாற்றி இடைவெளியைச் சரிசெய்ததும் கம்ப்ரஷன் ஏறிவிட்டால் வேலை அங்கேயே முடிந்தது. அப்படியே டைமிங் பெல்ட் குறிகள் நேராக நிற்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். இந்த இன்ஜினுக்கு ஒரு லட்சம் கி.மீ.-க்கு ஒரு பெல்ட் என்பது கணக்கு. பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும்.

கேஜ் கையில் இல்லாவிட்டாலும் ஒரு சோதனை உண்டு. பம்பின் டீசல் நிறுத்தும் சாலினாய்டு ஒயரைக் கழற்றிவிட்டு, ஐந்தாறு விநாடி ஸ்டார்ட்டர் அடித்துக் கேளுங்கள். நான்கு சிலிண்டரும் சமமாக இருந்தால் ஒரே தாளத்தில் சுற்றும். ஒரு சிலிண்டர் பலவீனமானால் ஒவ்வொரு நான்காவது அடியிலும் தாளம் சட்டென்று ஓடி மீளும். நான்கும் சமமாகத் தேய்ந்திருந்தால் மட்டும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது.

இனி கேஜ். பெட்ரோல் கேஜை டீசலில் மாட்டவே கூடாது; வெடித்துக் கையைக் கிழிக்கும். 600 பிஎஸ்ஐ-க்கு மேல் காட்டும் டீசல் கேஜ் வேண்டும். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும், இன்ஜின் ஓடிச் சூடாகியிருக்க வேண்டும், ஏர் ஃபில்டர் சுத்தமாக இருக்க வேண்டும். குவாலிஸில் ஹீட்டர் பிளக் ஓட்டை வழியாக அளப்பார்கள். நான்கு பிளக்கையும் இணைக்கும் பட்டையை எடுத்துவிட்டு, இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே துருப்பிடிப்பை இளக்கும் எண்ணெய் விட்டு, பொறுமையாகத் திருப்புங்கள். பிளக் உள்ளே உடைந்தால் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) கழற்ற வேண்டிவரும். நான்கையும் கழற்றிய பிறகே அளக்க வேண்டும்; இல்லாவிட்டால் இன்ஜின் சுற்றும் வேகம் குறைந்து கணக்கு கெடும். சாலினாய்டு ஒயர் கழன்றே இருக்கட்டும். பெட்ரோல் வண்டியில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துப் பிடிக்க வேண்டும்.

ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆறேழு அடி விடுங்கள். முதல் அடியில் எவ்வளவு, கடைசியில் எவ்வளவு என்று இரண்டையும் எழுதுங்கள். முதல் அடியில் குறைவாக வந்து அடிக்க அடிக்க ஏறினால் ரிங்கு. முதலிலும் குறைவு, பிறகும் ஏறவில்லை என்றால் வால்வு பக்கம் பாருங்கள். இந்த இன்ஜினுக்கு டொயோட்டா சொல்லும் அளவு சதுர சென்டிமீட்டருக்கு 32 கிலோ, அதாவது சுமார் 455 பிஎஸ்ஐ. குறைந்த எல்லை 20 கிலோ. சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 5 கிலோவைத் தாண்டக் கூடாது. நான்கும் 24, 25 என்று நின்றால் புதிய இன்ஜின் அல்ல, ஆனால் இன்னும் நன்றாகவே ஓடும். 27, 27, 26, 16 வந்தால் நான்காவதில் தனிக் கோளாறு. 27, 26, 17, 17 வந்தால் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து விழுந்திருக்கின்றன. ரிங்கைவிட, நடுவில் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) எரிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். நான்கும் ஒரே மாதிரி 18 காட்டினால் தேய்மானம் என்று முடிவெடுக்கும் முன் பேட்டரியையும் டைமிங் பெல்ட் குறிகளையும் மறுபடி பாருங்கள்.

பெட்ரோல் வண்டியில் ஒரு டீஸ்பூன் ஆயிலைச் சிலிண்டரில் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் ரிங்கு, ஏறாவிட்டால் வால்வு. டீசலில் பிஸ்டனுக்கு மேலே இடம் மிகக் குறைவு. ஊற்றும் ஆயிலே இடத்தை அடைத்துக் கம்ப்ரஷனைக் கூட்டிக் காட்டும். அதிகமானால் பிஸ்டன் முட்டிக் கான் ராடு வளையும். டீசலுக்கு இந்த ஆயில் சோதனை வேண்டாம்.

உயரமும் கணக்கில் வர வேண்டும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே மேல். மேட்டுப்பாளையத்தில் 25 கிலோ காட்டும் சிலிண்டர் ஊட்டியில் 20-ஐ ஒட்டித்தான் காட்டும். மலையூர்ப் பட்டறையில் எடுத்த அளவைச் சமவெளி அளவோடு ஒப்பிட்டு இன்ஜினை இறக்கினால் அது வண்டிக்காரருக்குச் செய்யும் அநியாயம்.

குறைந்த சிலிண்டர் எது என்று தெரிந்துவிட்டது. காற்று எந்த வழியாகப் போகிறது? இதற்குப் பஞ்சர் கடை கம்ப்ரஸரே போதும். அந்த சிலிண்டரின் பிஸ்டனைக் கம்ப்ரஷன் முடிவில், மேல் உச்சியில் நிறுத்துங்கள். வெடிப்பு வரிசை 1-3-4-2; முதல் சிலிண்டரை நிறுத்திய பிறகு கிராங்கை அரைச் சுற்றுத் திருப்பினால் மூன்றாவது வரும். நான்காவது கியரில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுங்கள். ஃபேன் பக்கம் யார் கையும் இருக்கக் கூடாது, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரை விட்டுவைக்கக் கூடாது. கம்ப்ரஷன் கேஜ் அடாப்டரின் முனையிலுள்ள சின்ன வால்வு பின்னைக் கழற்றிவிடுங்கள், அது இருந்தால் காற்று உள்ளே போகாது. பிறகு 100 பிஎஸ்ஐ வரை மெல்ல ஏற்றிக் கேளுங்கள்.

ஆயில் மூடியில் லேசான சீறல் நல்ல இன்ஜினிலும் இருக்கும். அங்கே பெரிய இரைச்சல் என்றால் ரிங்கு அல்லது போர். ஏர் ஃபில்டர் குழாயில் சீறினால் இன்டேக் வால்வு. சைலன்சர் வாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. இந்த இரண்டு இடத்திலும் சத்தமே வரக் கூடாது. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட் விரிசல். பக்கத்து ஹீட்டர் பிளக் ஓட்டையில் காற்று வந்தால் இரு சிலிண்டருக்கும் நடுவே கேஸ்கெட் போயிருக்கிறது. லீக்-டவுன் கேஜ் இருந்தால் கசிவு சதவீதமாகவே தெரியும்: 20 வரை பழைய இன்ஜினுக்குப் பரவாயில்லை, 30 தாண்டினால் திறக்க வேண்டும். எத்தனையோ "ஃபுல் இன்ஜின்" வேலைகள் இந்தப் பத்து நிமிடச் சோதனையால் வெறும் ஹெட் வேலையாகச் சுருங்கியிருக்கின்றன.

மொபைலில் மாட்டும் மெல்லிய கேமரா பெட்ரோல் வண்டிக்கு மிக நல்ல கருவி. ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாகப் போரின் கீறல் தெரியும். கூலன்ட் கசியும் சிலிண்டரின் பிஸ்டன் தலை மட்டும் கழுவியதுபோல் பளபளக்கும். குவாலிஸில் ஹீட்டர் பிளக் ஓட்டை தனிச் சிறு அறைக்குள் திறப்பதால் கேமராவுக்குப் போர் தெரியாது.

வண்டி சூடேறுகிறது, தண்ணீர் குறைகிறது என்றால் குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தே ஸ்டார்ட் செய்யுங்கள். சூடான இன்ஜினில் மூடியைத் தொடக் கூடாது. முதல் ஓரிரு நிமிடம் வரும் குமிழி, உள்ளே தங்கிய காற்றாக இருக்கலாம். நிற்காமல் வந்து, ரேஸ் பண்ணும்போது கூடினால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறது. இன்ஜின் இன்னும் சூடாகாதபோதே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவதும் அதே கதைதான். இந்த வகை இன்ஜின் ஒருமுறை நன்றாகச் சூடேறிவிட்டால் ஹெட்டில் விரிசல் விடுவது பழக்கம். கேஸ்கெட் மட்டும் மாற்றி மூடினால் சில மாதத்தில் அதே கோளாறு திரும்பும். ஆயில் கூலர் உள்ள இன்ஜின்களில் ரேடியேட்டரில் ஆயில் மிதந்தால் முதல் சந்தேகம் கூலர்மீது இருக்கட்டும். ஓடும்போது ஆயில் அழுத்தம் தண்ணீர் அழுத்தத்தைவிட அதிகம். ஆகவே ஓட்டை வழியாக ஆயில்தான் தண்ணீருக்குள் போகும்.

அடிப்பகுதிக்கு வருவோம். ஆயில் விளக்கு எரியவில்லை என்பதால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று கொள்ள முடியாது. அழுத்தம் ஏறக்குறைய இல்லாமல் போன பிறகே அந்த விளக்கு எரியும். ஆயில் பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி அந்த மரையில் முள் கேஜ் மாட்டி, இருபது நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடான பிறகு பாருங்கள். ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ வீதம் இருந்தால் கவலை இல்லை. குறைந்தால் ஆயில் கிரேடு, டீசல் கலப்பு, சம்ப் வடிகட்டியில் கசடு, பம்பின் ரிலீஃப் வால்வு ஆகியவற்றை எல்லாம் தாண்டிய பிறகே பேரிங்கைக் குற்றம் சொல்லலாம்.

கழற்றிய ஆயில் ஃபில்டரைத் தூக்கிப் போடாதீர்கள். தகரம் வெட்டும் கத்தரியால் திறந்து, காகித மடிப்பை விரித்துப் பாருங்கள். ஆக்சா பிளேடால் அறுத்தால் அறுத்த தூளே உள்ளே விழுந்து ஏமாற்றும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு: ரிங்கு, போர், கேம், கிராங்க். ஒட்டாத வெள்ளைப் பொடி பிஸ்டன் அல்லது பேரிங் மேற்பூச்சு. செம்பு நிறத் துகள் இருந்தால் பேரிங்கின் மேற்பூச்சு தேய்ந்து அதற்கு அடியிலுள்ள செம்பு அடுக்கு வந்துவிட்டது. அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டக் கூடாது.

சத்தத்துக்கு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்தால் போதும். குளிரில் தட்டிச் சூடானதும் அடங்குவது பிஸ்டன் ஆட்டம். பல வருடம் அப்படியே ஓடும். 2,000 ஆர்பிஎம் வாக்கில் பிடித்து, சட்டென்று விடும்போது படபடவென்று வருவது கான் ராடு பேரிங். லோடில் அடிவயிற்றிலிருந்து தொம் தொம் என்று வருவது மெயின் பேரிங். எந்த சிலிண்டர் என்று தெரிய, நாசில் குழாய் நட்டை ஒவ்வொன்றாக இளக்குங்கள். சத்தம் குறைந்தால் பேரிங், அடியோடு மறைந்தால் நாசிலாக இருக்கக்கூடும். நாசிலைப் பம்ப் கடையில் சோதித்துவிடலாம். காமன் ரெயில் வண்டியில் குழாயை இளக்கவே கூடாது, ஆயிரம் பாருக்கு மேலான டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பெல்ட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிப் பார்த்தால் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர் சத்தங்கள் தனியாகப் பிரியும். குவாலிஸில் பிரேக்குக்கான வாக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தது. அதனால் அப்போது வண்டியை நகர்த்தக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் திறக்கத்தான் வேண்டும் என்றால் பேரிங் தகடுகளையும் தொப்பிகளையும் கழற்றிய வரிசையிலேயே எண் போட்டு வையுங்கள். ஹெட்டை லேத்தில் மட்டம் பிடிக்கும் முன் வெந்நீரில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். விரிசல் விட்ட ஹெட்டுக்கு மட்டம் பிடிக்கும் கூலி வீண். போரை மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் டயல் கேஜால் அளந்து ஆறு எண்ணும் எழுதித் தரக் கேளுங்கள். தேய்மானம் 0.20 மி.மீ. தாண்டினால் வெறும் ரிங்கு மாற்றுவது பயன் தராது, போரைப் பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதுதான் வழி. பிஸ்டன் செட்டை முதலில் வாங்கி லேத்தில் கொடுத்துவிடுங்கள். டப்பாவில் 0.50 என்று அச்சிட்டிருப்பதை நம்பாமல், ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து அதற்கேற்பவே போர் போட வேண்டும்.